ஆல்பா மைனஸில் வந்தால்

முதுகலை ஆய்வேட்டுக்காகக் கல்லூரி மாணவர்களின் சுயமதிப்பை அளக்க, 1965-இல் வந்த ரோசன்பெர்க் அளவுகோலை எடுத்திருந்தேன். 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்பா மைனஸில் வந்து நின்றது. பொதுவாக 0.7-ஐத் தொட வேண்டும் என்பார்கள்.

பதில் விடுபட்ட தாள்களை நீக்கிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டவர்களையும் தூக்கினேன். அசையவில்லை.

அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, யாரும் படிப்பதில்லை: மதிப்பெண் இட்ட விதத்தைச் சரிபாருங்கள் என்று. இந்த அளவுகோலில் பாதி எதிர்மறை வாக்கியங்கள், அதாவது ஒப்புக்கொண்டால் சுயமதிப்பு குறைவு என்று பொருள். அவற்றின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். சரி, கைக்குக் கிடைத்த குறிப்பேட்டில் இருந்தபடி 2, 5, 6, 8, 9-ஐத் திருப்பினேன். ஆல்பா ஏறியது, ஆனால் போதவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொரு வாக்கியமும் மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் நெடுவரிசையை அட்டவணையில் பார்த்தேன். 2, 3, 6, 10 மட்டும் மைனஸ். விஷயம் இதுதான்: இந்த அளவுகோலின் வாக்கியங்கள் இரண்டு விதமான வரிசைமுறையில் புழங்குகின்றன; குறிப்பேட்டில் இருந்தது ஒன்று, என் தாளில் இருந்தது மற்றொன்று. என் தாளில் எதிர்மறையானவை 3, 5, 8, 9, 10. எண்ணை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படித்துத் திருப்பியதும் ஆல்பா 0.8-ஐத் தாண்டியது. அப்பாடா!