ஆஸ்துமாவோடு ஓட ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விடியற்காலையில் ஏதாவது ஒரு கிரவுண்டுக்குப் போய்ப் பாருங்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடும் பையன்கள், சுகர் குறைய நடக்கும் பெரியவர்கள், இவர்களுக்கு நடுவில் ஒருவர் முட்டியைப் பிடித்துக் குனிந்து இருமிக்கொண்டிருப்பார். கேட்டால் "சின்ன வயசுல இருந்தே வீசிங் இருக்குங்கண்ணா" என்பார். இன்ஹேலர் எங்கே என்றால் வீட்டு பீரோவில் இருக்கும்.

இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பழகாது. மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கச் சுற்றும் மருந்து, இதில் ரொம்பக் குறைந்த அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அவ்வளவுதான். 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி பெண்களுக்கான உலக சாதனை செய்த பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமாக்காரர்தான். அவர் அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. டாக்டர் இரண்டு விதமான இன்ஹேலர் கொடுத்திருப்பார்: சால்பியூட்டமால் மாதிரி சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவது ஒன்று, தினமும் எடுத்து உள்வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும் ஸ்டீராய்டு ஒன்று. நம் ஆட்கள் இரண்டு வாரம் நன்றாக இருந்ததும் தினசரி மருந்தை நிறுத்திவிட்டு, ஓடும்போது மட்டும் நீல நிறத்தில் இருக்கும் சால்பியூட்டமாலை அடித்துக்கொண்டு சமாளிப்பார்கள். மூச்சு லேசாகிவிடும், ஆனால் உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். நீல இன்ஹேலரை ஓட்டத்துக்கு 10, 15 நிமிடம் முன்னால் எடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னால் எடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அதையே அடிக்கடி தேட வேண்டியிருந்தால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், ஓட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவதையும் மறக்க வேண்டாம், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

அடுத்தது, வந்ததும் வராததுமாக ஓட ஆரம்பிப்பது. பக்கத்தில் ஒருவன் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பறந்துகொண்டிருப்பான், அவனைப் பார்த்து நீங்களும் பறந்தால் மூச்சு மூக்கிலிருந்து வாய்க்கு மாறி, குளிர்ந்த காய்ந்த காற்று நேராக உள்ளே போய் மூச்சுக்குழாயைச் சுருக்கும். 10, 15 நிமிடம் நடை, இடையிடையே சின்னச் சின்ன ஓட்டம், அப்புறம்தான் தொடர் ஓட்டம். முதல் சில வாரங்களுக்கு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை போதும். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லையா, வேகம் அதிகம்.

காற்றைப் பார்க்காமல் கிளம்புவது நம் ஊருக்கே உரிய தவறு. ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை விடியலில் அடிக்கும் குளிர் போதாதென்று, கேழ்வரகு அறுப்புச் சமயத்தில் கதிரைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், மேலே வண்டி ஏற ஏற உமித்தூசி கிளம்பும். மாந்தோப்பில் பூ சமயத்தில் மருந்தடிப்பு, புறம்போக்கு முழுக்கப் பார்த்தீனியம், கிரானைட் பட்டறைத் தூசி, பைபாஸில் லாரிப் புகை. இத்தனைக்கும் நடுவில் சர்வீஸ் ரோட்டில் ஓடுவதை வீரம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். குளிர் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு ஓடலாம். மூக்கையும் வாயையும் மூடி ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். போகி அன்று வீட்டிலேயே இருங்கள்.

ஓட்டம் முடிந்ததும் கவனத்தை விடுவதும் தவறுதான். ஓட்டத்தால் வரும் இளைப்பு பெரும்பாலும் ஓடும்போது வராது, நின்ற பிறகு 5 முதல் 15 நிமிடத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். ஆள் நின்றதும் பைக்கை எடுத்து, வேர்த்த உடம்போடு குளிர்காற்றில் கிளம்பி, டீக்கடையில் இறங்கும்போது நெஞ்சு இறுகியிருக்கும். 10 நிமிடம் மெதுவாக நடந்து மூச்சு சீரான பிறகு கிளம்புங்கள். சாதாரண மூச்சு வாங்கல் நேரம் போகப் போகக் குறையும். நின்ற பிறகும் இருமலும் விசில் சத்தமும் ஏறிக்கொண்டே போனால் அது ஆஸ்துமா இளைப்பு.

கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும், டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். முந்தின இரவு இருமலில் தூக்கம் கெட்டிருந்தாலும், சளி பிடித்திருந்தாலும் அன்று லீவு.

இத்தனையும் மீறித் திணறல் வந்தால் படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர் சொன்ன அளவில் நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாக எடுங்கள், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) இருந்தால் இன்னும் நல்லது. சில நிமிடத்தில் அடங்கவில்லை, பேச்சு துண்டு துண்டாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். கூட ஓடுகிறவரிடம் இன்ஹேலர் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டி வையுங்கள், திணறும்போது வாய் திறந்து சொல்ல முடியாது.