பெர்மிட் இல்லாத ஒருவரைப் புரிந்துகொள்வது எப்படி: ஒரு மனு எழுதுபவரின் குறிப்புகள்

சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை மனுநாளில் காலை எட்டு மணிக்கே கூட்டம் வந்துவிடும். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று வருகிற மனுக்களுக்கு நடுவே மாதத்துக்கு இரண்டு மூன்று இப்படியும் வரும்: "மகன் மலேசியாவுல இருக்கான். பெர்மிட் இல்ல. ஊருக்கு வர முடியல." நான்தான் எழுதிக் கொடுப்பேன். 2015-லிருந்து 2019 வரை நானும் அங்கே இருந்தேன். அதில் கடைசி இரண்டு வருடமும் பெர்மிட், அதாவது அங்கே வேலை பார்க்கும் அனுமதி, இல்லாமல் இருந்தேன்.

அங்கே எங்களைக் 'கோசோங்' என்பார்கள். மலாயில் காலி என்று அர்த்தம். கையில் பேப்பர் இல்லாத ஆள்.

அந்தத் தாயோ மனைவியோ கடையில் நின்று விஷயத்தைச் சொல்லும்போது வரிசையில் இருப்பவர்களுக்கும் காது கேட்கும். "சட்டத்தை மீறினா அனுபவிக்கத்தான் வேணும்" என்று ஒருவர் சொல்வார். "பாவம், வயித்துப் பொழப்பு" என்று இன்னொருவர் சொல்வார். இருவருக்கும் அந்தப் பையனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனு எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்த இரண்டு வாக்கியத்தாலும் பயனில்லை. அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். மனு எழுதாதவர்களுக்கும் அது உதவும்.

முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதிகளை எழுதுவது. எந்த விசாவில் போனார், என்று இறங்கினார், ஏர்போர்ட்டில் எதுவரை முத்திரை குத்தினார்கள், பெர்மிட் எந்த முதலாளி பேரில், கடைசியாக எந்த வருடம் பெர்மிட் அடித்தார்கள் (புதுப்பித்தார்கள்), பாஸ்போர்ட் இப்போது யாரிடம். இந்த ஆறுக்கும் பதில் வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும். சில வீடுகளில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ்கூட இருக்காது. அப்படியென்றால் மகனிடமோ, அவருடன் தங்கியிருப்பவரிடமோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். தேதி இல்லாமல் யாரும் எதையும் பேசத் தொடங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'சட்டவிரோதம்' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன. மலேசியாவின் குடிநுழைவுச் சட்டத்திலேயே அவை தனித்தனிப் பிரிவுகள். அனுமதியே இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 6-ஆவது பிரிவு. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அதோடு ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு ஆறு பிரம்படி வரை உண்டு. முறையாக வந்து, காலம் முடிந்தும் தங்கினால் 15-ஆவது பிரிவு. அதிலும் அபராதமும் சிறையும் உண்டு, பிரம்படி இல்லை. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் விமானத்தில் போய் இறங்குகிறவர்கள், இரண்டாவது வகை. பர்மாவிலிருந்து உயிருக்குத் தப்பி வரும் ரோஹிங்கியாக்களின் கதை வேறு. ஆனால் மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அதனால் சட்டத்தின் கண்ணில் அவர்களும் பேப்பர் இல்லாதவர்கள்தான்.

தேதிகளை எழுதியாயிற்றா? சரி, அடுத்த கேள்வி: பேப்பர் முறிந்த அன்று அது யார் கையில் இருந்தது?

என் கதையையே சொல்கிறேன். ஏஜென்டிடம் 1,20,000 ரூபாய் கட்டி ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனேன். நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடும் வேலை. முறையான வேலை பெர்மிட். 2016-இல் ஒருமுறை புதுப்பித்தார்கள். 2017-இல் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. பெர்மிட்டுக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் அடிச்சிரலாம்" என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். நான் இடம் மாறவில்லை, முதலாளி மாறவில்லை, காலை ஐந்து மணிக்கு அதே கல்லின் முன்னால் நின்று அதே மாவைத்தான் வீசிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை வரை முறையான தொழிலாளி, புதன்கிழமை கோசோங். எனக்கு அது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அங்கே வேலை பெர்மிட் முதலாளியின் பேரோடு கட்டியது. அதை விண்ணப்பிப்பவரும் புதுப்பிப்பவரும் அவர்தான். அவரைப் பிடிக்கவில்லை என்று வேறு கடைக்குப் போனால் போன அன்றே பெர்மிட் செல்லாது. "ஓடிவிட்டான்" என்று அவர் புகார் கொடுத்தாலும் அதே கதி. சம்பளம் தரவில்லை என்று தொழிலாளர் துறைக்குப் போகலாம், அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வழக்கு முடியும்வரை தங்குவதற்கு 100 ரிங்கிட் கட்டி ஸ்பெஷல் பாஸ் வாங்க வேண்டும். அது ஒரு மாதத்துக்குத்தான், அதை வைத்து வேலை பார்க்கவும் கூடாது. சம்பளம் கிடைக்காதவன் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் காத்திருப்பான்? அப்போதுதான் ஆட்கள் இருட்டுக்குள் போகிறார்கள்.

இனி முதலாளியின் பக்கம். என் முதலாளி மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் படம் முழுதாகாது. சேவைத் துறையில் ஒரு வெளிநாட்டு ஆளுக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் வருட லெவி (வரி) மட்டும் 1,850 ரிங்கிட். அதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, விசா, இதர கட்டணங்கள். ஆறு பேர் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதையும் கட்டத் தயாராக இருந்தாலும் அரசு சில துறைகளுக்கு ஆள் எடுக்கவே விடாது. முடிதிருத்தும் கடை, ஜவுளி, நகைத்தொழில் மூன்றுக்கும் 2009-இல் கதவை அடைத்தார்கள். 2023-இல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு வழி விட்டார்கள். நடுவில் இருந்த பதினான்கு வருடம் அந்தக் கடைகள் எப்படி ஓடின என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு பக்கம், பெர்மிட் இல்லாத ஆளை வைத்துப் பிடிபட்டால் ஓர் ஆளுக்கு 10,000-லிருந்து 50,000 ரிங்கிட் வரை முதலாளிக்கு அபராதம். என் முதலாளி ரெய்டு என்று கேள்விப்பட்ட இரவுகளில் எங்களோடு சேர்ந்து அவரும் தூங்கவில்லை. அதே மனிதர்தான் என் பெர்மிட் பணத்தை வேறு எதற்கோ செலவழித்தார். இரண்டையும் தாளில் எழுதுங்கள்.

நான் அதிகம் கற்றது அங்கேயே பிறந்த தமிழர்களிடம். கடைக்குத் தினமும் வரும் ஒரு பெரியவர், லாரி ஓட்டுநர். அவருடைய தாத்தா கங்காணியோடு கப்பலேறிப் போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் தேத்தண்ணீர் ஆற்றிக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "தம்பி, ஒன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ ஆயிரத்து இருநூறுக்கு நிக்கிற எடத்துல எம் மகன் ரெண்டாயிரம் கேட்டா, முதலாளி அவன எப்படிச் சேர்ப்பான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மலாயாவின் சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை எடுக்காமலோ, எடுக்க முடியாமலோ இருந்த தோட்டத் தமிழர்களுக்கு 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெர்மிட் கேட்டது. அதே தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டியவர்கள் பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பி வந்தார்கள். தங்கிவிட்டவர்களில் சிலர் வயதான பிறகும், குடியுரிமை இல்லாதவர் என்று காட்டும் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறகு தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனையாகவும் (எண்ணெய்ப்பனை) மாறின. குடியிருப்பு போயிற்று, குறைந்த கூலிக்கு இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவரும் வந்தார்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகும் சண்டை வந்தால் அந்த நாட்டில் அவர்கள் காதில் விழும் வசை 'பெண்டாத்தாங்', வந்தேறி என்று அர்த்தம். அந்தச் சொல்லைத் தினமும் சுமக்கிற ஒருவர் நம்மைப் பார்த்து எரிச்சல்படும்போது, "தமிழனுக்குத் தமிழனே எதிரி" என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், அது தவறு.

அதிகாரியின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எனக்கு அங்கே அனுபவம் குறைவு. முறையாகப் பதிந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் நாடு அது. எல்லையில் என்ன நடக்கும் என்பதற்கு 2015 மே மாதம் தாய்லாந்து எல்லையில் வாங் கெலியான் காட்டில் கண்டுபிடித்த 139 புதைகுழிகள் சாட்சி. அவற்றில் கிடந்தவர்கள், ஆள் கடத்துபவர்கள் அடைத்து வைத்துச் சாகடித்தவர்கள். யார் உள்ளே வருகிறார் என்று ஒரு நாடு கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிப்பது மட்டுமே வேலை என்று ஆகும்போது என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2020 மார்ச்சில், கொரோனா பரிசோதனைக்கு வந்தால் பேப்பர் இல்லாதவர்களைப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். மே 1-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில், பரிசோதனை முடிந்து அடைத்து வைத்திருந்த கட்டடங்களிலிருந்தே 500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். அங்கே குடியிருந்தவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. சில வாரங்களில் தடுப்பு முகாம்களுக்குள்ளேயே தொற்று பரவியது. என் கூட்டாளி ஒருவர் அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் கிளினிக் பக்கம் போகவில்லை.

கடைசியாக நம் ஊர்ப் பக்கம் திரும்புங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று இருக்கும். அவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போனால் வேண்டாம். ஏஜென்ட் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமலே மலேசியா போகலாம் என்று ஆன பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. "விசாவே தேவையில்லண்ணே, போய் எறங்குங்க, அங்க பெர்மிட் அடிச்சிக்கலாம்" என்பார்கள். 31-ஆவது நாள் அந்த ஆள் கோசோங். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நான் கட்டியதோ நான்கு மடங்கு, அதுவும் மூன்று வட்டிக் கடனில். "ஏன் ஊருக்குத் திரும்பி வரல?" என்று கேட்பவர்கள் அந்த வட்டியையும் தேதியோடு தாளில் எழுத வேண்டும். கோசோங் என்று தெரிந்த மாதமே நான் திரும்பியிருந்தால் கடனில் பாதிகூட அடைந்திருக்காது. என் மனைவியின் சங்கிலி அடகுக்கடையிலேயே மூழ்கியிருக்கும். தங்கினேன். தெரிந்தே தங்கினேன். அந்த இரண்டு வருடத்துக்கான பொறுப்பு என்னுடையது, அதை முதலாளி மேல் போட மாட்டேன்.

2019 ஆகஸ்டில் 'பேக் ஃபார் குட்' என்று ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் வந்தது. 700 ரிங்கிட் அபராதம், ஏழு நாளைக்குள் கிளம்பும் டிக்கெட், பாஸ்போர்ட். இவ்வளவு இருந்தால் சிறை இல்லாமல் ஊர் திரும்பலாம். டிசம்பர் கடைசியில் குடிநுழைவு அலுவலக வாசலில் இரவெல்லாம் கிடந்து டோக்கன் வாங்கினேன். எனக்கு முன்னால் இந்தோனேசியப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு, பின்னால் வங்கதேசத்துக் கொத்தனார் ஒருவர். விடியும்வரை மூன்று பேரும் தெரிந்த மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று பேருடைய பேப்பரும் மூன்று விதமாக முறிந்திருந்தது.

தாள் நிரம்பிய பிறகு மனு எழுதுவது எளிது. 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்று நான் எழுதுவதில்லை. "இன்ன தேதியில் இன்ன பெர்மிட்டில் சென்றார், இன்ன தேதியில் பெர்மிட் காலாவதியானது, பாஸ்போர்ட் இன்னாரிடம் உள்ளது" என்று எழுதுவேன். ஆட்சியர் மூலம் அயலகத் தமிழர் துறைக்கு ஒன்று, கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஒன்று, மத்திய வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர் இணையதளத்தில் ஒரு பதிவு. பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். டிக்கெட்டுக்கு வழியே இல்லையென்றால் இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்டுத் தனியாக ஒரு பத்தி சேர்ப்பேன். பொதுமன்னிப்பு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024-இல் மார்ச் முதல் டிசம்பர் வரை நடந்ததில் 500 ரிங்கிட் கட்டித் திரும்பினார்கள். ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். பொதுமன்னிப்புக் கவுண்டருக்கு அங்கே இருப்பவரே நேரில் போகலாம்.

போன மாதம் இளையான்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் 2018-இல் போனவன். தேதிகளைக் கேட்டு எழுதினோம். பெர்மிட் 2021-இல் முடிந்திருந்தது, பாஸ்போர்ட் கடை முதலாளியிடம். மனுவை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த மொதலாளி கொரோனாவுல கடைய மூடியிருந்தப்ப மூணு மாசம் எம் மகனுக்குச் சோறு போட்டாரு. அதயும் எழுதுங்க தம்பி."

பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்ற வரிக்குக் கீழே அதையும் எழுதினேன். அவர் ரேகை வைத்தார்.