ரெவிட்டில் கதவுக்கு டேக் போடலாம், வாங்க

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில், வரைபடத்தில் ஒரு கதவின் பக்கத்தில் ‘டி1’ என்று எழுத வேண்டும். டெக்ஸ்ட் கருவியை எடுத்துத் தட்டினால் பத்து விநாடி வேலை. ஆனால் அந்த எழுத்துக்கும் கதவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கதவையே அழித்தாலும் ‘டி1’ அங்கேயே நிற்கும். டேக் என்ற அடையாளக் குறி அப்படியில்லை. அதற்கென்று சொந்த எழுத்து கிடையாது. கதவுக்குள் பதிந்திருக்கும் தகவலை எடுத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. அதனால் டேக்கைத் தொடும் முன் தகவலைப் பார்த்துவிடுவோம்.

தகவல் எங்கே இருக்கிறது?

ஒரு கதவைத் தேர்ந்தெடுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘மார்க்’ என்று ஒரு வரி இருக்கும். இது அந்த ஒரு கதவுக்கு மட்டுமான எண். அடுத்து ‘எடிட் டைப்’ அழுத்துங்கள். உள்ளே ‘டைப் மார்க்’ இருக்கும். இது அந்த வகைக் கதவுகள் எல்லாவற்றுக்கும் பொது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் குழப்பிக்கொண்டேன். டேக்கின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அங்கேயே மதிப்பை மாற்றலாம். அது நேராகக் கதவுக்குள் போய்ப் பதியும். நல்ல வசதிதான். ஒருமுறை ஒரே ஒரு கதவுக்கு என்று நினைத்து ‘டி1’ஐ ‘டி4’ ஆக்கினேன். பல பொருட்கள் மாறக்கூடும், தொடரவா என்று ரெவிட் கேட்டது. படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்தேன். அந்த வகைக் கதவுகள் அத்தனையும் ‘டி4’. கதவுகளைப் பட்டியலிடும் அட்டவணையிலும் (ஷெட்யூல்) அதேதான், ஏனென்றால் அட்டவணையும் அதே தகவலைத்தான் படிக்கிறது. அந்தக் கேள்வி வந்தால் நீங்கள் கை வைத்திருப்பது டைப் மார்க்கில் என்று அர்த்தம்.

டேக் போடுவது

சரி, ‘அனொடேட்’ தாவலில் ‘டேக் பை கேட்டகரி’யை எடுங்கள் (விசைப்பலகையில் டி, ஜி). கதவைக் கிளிக் செய்தால் போதும். இணைப்புக் கோடு வேண்டாமென்றால் ‘லீடர்’ டிக்கை எடுத்துவிடுங்கள். டேக்கில் கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தில் தகவல் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டேக் காட்டுவதை மாற்றுவது

கதவு எண்ணுக்குக் கீழே அகலமும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டேக்கைத் தேர்ந்தெடுத்து ‘எடிட் ஃபேமிலி’ அழுத்துங்கள், டேக்கின் மூலக் கோப்பு திறக்கும். உடனே வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பழையதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் தெரியும் லேபிளைக் கிளிக் செய்து ‘எடிட் லேபிள்’ போங்கள். இடப்பக்கம் கதவில் உள்ள தகவல்களின் பட்டியல், வலப்பக்கம் டேக் காட்டப்போவது. ‘விட்த்’தை அம்புக்குறியால் வலப்பக்கம் தள்ளுங்கள். மேல் வரியில் ‘பிரேக்’ டிக் செய்தால் அகலம் அடுத்த வரிக்கு இறங்கும். எழுத்தின் உயரம் தாளில் வரும் அளவு: 2.5 மிமீ என்று வைத்தால் 1:50 வரைபடத்திலும் 1:100 வரைபடத்திலும் அதே 2.5 மிமீதான்.

அப்புறம் ‘லோட் இன்ட்டு ப்ராஜெக்ட்’. பழைய டேக்குகளைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள வகைப் பட்டியலில் புதியதற்கு மாற்றுங்கள்.

பட்டியலில் இல்லாத தகவல்

பூட்டு வகையைக் காட்ட வேண்டும், ஆனால் அப்படியொரு வரியே கதவில் இல்லை. அதைச் சாதாரண ப்ராஜெக்ட் பாராமீட்டராக (பாராமீட்டர் என்றால் ஒரு தகவல் வரி) சேர்த்தால் அட்டவணையில் வரும், டேக்கில் வராது. இங்கேதான் புதியவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். வேண்டியது ஷேர்டு பாராமீட்டர். ‘மேனேஜ்’ தாவலில் ‘ஷேர்டு பாராமீட்டர்ஸ்’ வழியாக அதை ஒரு உரைக்கோப்பில் உருவாக்கி, ‘ப்ராஜெக்ட் பாராமீட்டர்ஸ்’ மூலம் கதவுகளுக்குச் சேருங்கள். டேக்கின் ‘எடிட் லேபிள்’ பெட்டியிலும் அதே கோப்பிலிருந்து அதையே எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷேர்டு பாராமீட்டருக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. பெயரை மட்டும் பார்த்து இன்னொன்றை உருவாக்கினால் ரெவிட்டுக்கு அது வேறு ஆள். கோப்பை எல்லாரும் எடுக்கக்கூடிய பொது இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று: டேக், அதைப் போட்ட வியூவில் (அந்த ஒரு வரைபடக் காட்சியில்) மட்டும்தான் தெரியும். இன்னொரு வியூவிலும் வேண்டுமென்றால் அதைத் திறந்து ‘டேக் ஆல்’ கொடுங்கள். மொத்தக் கதவுகளுக்கும் ஒரே அழுத்தில் வந்துவிடும்.