வெளிநாட்டில் விளையாடுபவருக்கு ஊரிலிருந்து மருந்து அனுப்பும்போது

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து வெளிநாட்டுக் கழகத்துக்கு ஆடப்போன பிள்ளைக்குப் பார்சல் கட்டுகிறீர்களா? அரிசிமாவும் கருவாடும் சுங்க விதியைப் பொறுத்தது. வினையாவது மருந்துதான்: சாதாரண வீட்டு மருந்தும் விளையாட்டின் ஊக்கமருந்துத் தடை விதியில் மாட்டிவிடலாம்.

இழுப்புக்குச் சல்பியூட்டமோல் பம்ப் அனுப்பலாம், ஆனால் விதி அனுமதிக்கும் உச்ச அளவு உண்டு: 8 மணித்தியாலத்துக்குள் 600 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் பம்பில் 6 முறை; 24 மணித்தியாலத்தில் மொத்தம் 1600 மைக்ரோகிராம். அதே சல்பியூட்டமோல் மாத்திரையாகவோ பாணியாகவோ போனால் எப்போதும் தடை. நம் வீடுகளில் அதிகம் இருப்பதும் அந்தப் பாணிதான், பார்சலில் வைக்காதீர்கள். சூடோஎபெட்ரின் உள்ள சளிமாத்திரையைப் போட்டிக்கு 24 மணித்தியாலம் முன்பே நிறுத்தவேண்டும். முழங்கால் வீக்கத்துக்குப் போடும் கோட்டிசோன் ஊசியும் 2022 முதல் போட்டிக்காலத்தில் தடை. கழக வைத்தியரிடம் முதலில் கேட்கட்டும்.

லேபல் இல்லாத சூரணம், லேகியம் வேண்டவே வேண்டாம். உடலில் அகப்படுவதற்கு வீரரே பொறுப்பு, தாய் அன்போடு அனுப்பியதென்றாலும். கொத்தமல்லி, பரசிற்றமோலுக்குத் தடையில்லை. மாத்திரைகளை மூல அட்டையிலேயே, மருந்துச்சீட்டோடு வையுங்கள்.