கைப்பிடிக்காகவே மடக்குக்கத்தி சேர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய பாணி மடக்குக்கத்தி சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கைப்பிடி அரிது என்பதைத்தான். முத்துச்சிப்பி, மான்கொம்பு, பாலைவன மரம் என்று படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கத் தோன்றும். அப்படிக் கண்டபடி வாங்கினால் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது. ஒரே வடிவக் கத்தியை எடுத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் மாற்றி மாற்றிச் சேருங்கள், அதுதான் என் அழுத்தமான யோசனை. எலும்பும் கொம்பும் சிப்பியும் கையில் எப்படி வேறுபடுகின்றன என்பது அப்போதுதான் புரியும்.

படி 1: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கக் கத்திகளில் தொடங்குவது சுலபம், விவரங்கள் நிறையக் கிடைக்கின்றன. என் தேர்வு டிராப்பர். ரோமத்துக்காக விலங்கு பிடித்தவர்களுக்கென்று வந்த வடிவம் இது, ஒரே நீளத்தில் இரண்டு அலகுகள், ஒன்று கூர்முனை, மற்றொன்று மழுங்கிய முனை. கைப்பிடி நீளமாக இருப்பதால் பொருளின் கோடும் நிறமும் நன்றாகத் தெரியும். பார்லோ வடிவமும் அழகுதான், ஆனால் அதில் முன்பக்க உலோகப் பூணே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவை ஸ்லிப்ஜாயிண்ட் வகை. பூட்டு கிடையாது, முதுகில் இருக்கும் ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து வைக்கிறது. அதனால் திறந்த கத்தியின் முனையை எதிலும் குத்தி அழுத்தாதீர்கள், விரல் மேல் மடங்கிவிடும்.

படி 2: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளில் அலகின் அடியில், மடங்கும் இடத்துக்கு அருகே, ஒரு எண் இருக்கும். 6254 என்றால் 6 எலும்புக் கைப்பிடி, 2 அலகுகள், 54 டிராப்பர் வடிவம். 5254 என்றால் அதே கத்தி மான்கொம்பில். 3254 மஞ்சள் பிளாஸ்டிக். முதல் எண் 8 என்றால் முத்துச்சிப்பி. ஒரே வடிவம், பல கைப்பிடி என்று சேர்ப்பவருக்கு இந்த எண்ணே பாதி வழிகாட்டி.

வயதும் அங்கேயே இருக்கிறது. 1970இல் நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்து 1979இல் ஒரே புள்ளிக்கு வந்தார்கள், 1980இல் மின்னல் போல வளைந்த எஸ் எழுத்தோடு புதிய வரிசை தொடங்கியது. விற்பவர் சொல்லும் வயதும் புள்ளிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

படி 3: பொருளை அடையாளம் காணுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

எலும்பு பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு. மான்கொம்பின் சொரசொரப்பு வரட்டும் என்று இயந்திரத்தால் கொத்திச் செதுக்கி, சாயம் ஏற்றுவார்கள், இதற்கு ஜிக்டு போன் என்று பெயர். வழவழப்பாக விட்ட எலும்பை வெளிச்சத்தில் பார்த்தால் சிறு கரும்புள்ளிகளோ மெல்லிய கோடுகளோ தெரியும், ரத்தக்குழாய் ஓடிய துளைகள் அவை. பிளாஸ்டிக்கில் இந்தத் துளைகள் இருக்காது. முதல் கத்திக்கு எலும்பைத்தான் சொல்வேன், விலை கட்டுப்படியாகும், பயன்படுத்தப் பயன்படுத்த நிறம் கனியும்.

மான்கொம்பில் ஒரு பக்கம் போல மறுபக்கம் இருக்காது. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால் அது போலி. இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நெடுங்காலம் இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் உயர்வாக மதித்தது நம் காடுகளில் திரியும் கடமானின் கொம்பைத்தான், உள்ளே பஞ்சு குறைவு, கெட்டி அதிகம். இந்தியா 1990களின் கடைசியில் ஏற்றுமதியை நிறுத்தியதும் பழைய கடமான் கொம்புக் கத்திகளின் விலை ஏறியது.

முத்துச்சிப்பி தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும், சாய்க்கச் சாய்க்க ஒளி நகரும். போலிச் சிப்பியில் ஒளி ஒரே இடத்தில் நிற்கும். கல் தரையில் விழுந்தால் விரிசல் நிச்சயம், ஆகவே இதைப் பையில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள்.

மரத்தில் என் மனம் சோனோரா பாலைவனத்து அயர்ன்வுட் பக்கம்தான் போகும். கனமானது, எண்ணெய்ப் பசை உள்ளது, சுருங்குவது குறைவு. கோகோபோலோ மரமும் அருமை, ஆனால் அது உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள், அதாவது ஈட்டி மரத்தின் உறவுகள், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், நாடு விட்டு நாடு வரவழைக்கும் முன் விதியைப் பாருங்கள்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

மெதுவாகத் திறங்கள். அலகு கடைசியில் டக்கென்று நிற்க வேண்டும், மூடும்போதும் அப்படியே. இடவலமாக ஆட்டினால் ஆடக்கூடாது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடிப் பொருள் பூணோடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், படி போலத் தட்டினால் பொருள் சுருங்கியிருக்கிறது. கடைசியாக ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், எலும்பிலும் சிப்பியிலும் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

படி 5: தொடக்கூடாதவை

யானைத் தந்தம் வேண்டவே வேண்டாம். பழையது, தாத்தா காலத்தது என்று என்ன கதை சொன்னாலும் சரி. மாமூத், அதாவது அழிந்துபோன பழங்கால யானையினத்தின் தந்தம் என்று விற்பதிலும் கவனம். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும், வெளிவிளிம்பருகே அவற்றின் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் மாமூத், 115க்கு மேலே என்றால் யானை. மெல்லிய கைப்பிடித் துண்டில் அந்த வெட்டு முகம் பல நேரம் கிடைக்காது என்பதால் நான் இரண்டையும் ஒதுக்கிவிடச் சொல்கிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் கடமான், புள்ளிமான் கொம்பையும் வாங்கக்கூடாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்குவீர்கள். அப்புறம், எந்தக் கைப்பிடியானாலும் விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்காதீர்கள்.

செல்லுலாய்டு கைப்பிடி சட்டப்படி குற்றமில்லை, ஆபத்து வேறு வகை. பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி தன் அலகை மட்டுமல்ல, ஒரே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும். எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. அவசியம் வேண்டும் என்றால் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

படி 6: பராமரிப்பு

தோல் உறைக்குள் நாள்கணக்கில் விடாதீர்கள், பித்தளையில் பச்சை பூக்கும். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கார்பன் எஃகு சாம்பல் நிறமாக மாறினால் நல்லது, தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறையும். சிவப்புத் துருவை மட்டும் உடனே துடைத்தெடுங்கள். மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும், சமையல் எண்ணெய் பிசுக்காகிவிடும். எலும்பையும் கொம்பையும் தண்ணீரில் ஊறவிடவோ வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவோ கூடாது.

ஒவ்வொரு கத்திக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எண், புள்ளிகள், பொருள், வாங்கிய விலை எழுதுங்கள். முத்திரையை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்றிக்கொள்ள யாராவது கேட்டால் முதலில் காட்டச் சொல்வது அந்தப் படத்தைத்தான்.