முகத்தை விடுங்கள், ஜிப்பை வரையுங்கள்: கால்பந்து கார்ட்டூன் போடுவது எப்படி

கால்பந்து கார்ட்டூன் போட ஆசைப்படுகிற பலரும் முதலில் செய்கிற தப்பு, கோல் அடித்தவனை வரைவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பதினோரு பேர், பந்து, வலை, பின்னால் ஆயிரம் தலை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்து, காலையில் தம்பியிடம் காட்டினால் "சரிண்ணே, இதுல மெஸ்ஸி யாரு?" என்றான். அப்புறம் ஜெர்சி முதுகில் பேர் எழுதினேன். பேர் எழுதினால்தான் ஆள் தெரிகிறது என்றால் படம் அங்கேயே தோற்றுவிட்டது.

மேனேஜரிலிருந்து, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரிலிருந்து, ஆரம்பியுங்கள். ஆட்டக்காரன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான். மேனேஜருக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தவிப்பதுதான் வேலை, கேமராவும் அவரை விட்டு லேசில் நகராது. ஆர்சன் வெங்கர் 1996 முதல் 2018 வரை ஆர்சனல் கிளப்பின் மேனேஜராக இருந்தார், அந்த 22 வருஷத்தில் அவர் முகத்தை வரையக் கற்றவர்களைவிட அவர் போடுகிற கோட்டை வரையக் கற்றவர்கள்தான் பிழைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மெத்தை மாதிரி ஒரு கோட், அதன் ஜிப்போடு மல்லுக்கட்டுகிற இரண்டு கைகள். தலையே வரையாவிட்டாலும் ரசிகனுக்குத் தெரிந்துவிடும். லீட்ஸ் கிளப்பில் இருந்த மார்செலோ பியல்சாவுக்கு, கவிழ்த்துப்போட்டு உட்கார ஒரு நீல வாளி. அன்செலோட்டிக்கு ஒற்றைப் புருவம்: கோப்பை வாங்கினாலும் அதே உயரம், நாலு கோல் வாங்கினாலும் அதே உயரம். மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்குச் சூயிங்கம் மெல்லும் தாடையும் கைக்கடிகாரமும். வழுக்கையை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், குவார்டியோலாவும் ஆர்னே ஸ்லாட்டும் ஒரே ஆளாகிவிடுவார்கள். குவார்டியோலாவின் அடையாளம் கைகள். ஜெயித்து முடித்த பிறகும் ஆட்டக்காரனைப் பிடித்து நிறுத்தி, போக்குவரத்து போலீஸ்காரர் மாதிரி திசை காட்டிக்கொண்டிருப்பார்.

இதைப் பிடிக்க ஒரே பயிற்சிதான். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்டம் பாருங்கள், மேனேஜரைக் காட்டும்போதெல்லாம் பத்து விநாடிக்குள் ஒரு குச்சி மனிதனைக் கிறுக்குங்கள். கண், மூக்கு வேண்டாம், உடம்பு எப்படி வளைகிறது என்பது போதும். இணையத்தில் கிடைக்கிற போட்டோவைப் பார்த்து வரைந்தால் பாஸ்போர்ட் படம் மாதிரிதான் வரும். கருவி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பென்சில், ஏ4 தாள், கறுப்பு ஜெல் பேனா. கணினி என்றால் கிரிட்டா, போன் என்றால் ஐபிஸ் பெயின்ட், இரண்டையும் காசில்லாமலே ஆரம்பிக்கலாம்.

சரி, ஆள் வந்துவிட்டார். சிரிப்பு எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்தவரை, ஒரு கிளப் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதற்கும் புள்ளிப்பட்டியல் சொல்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான். 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிற ஜெர்சியில் ஆடி இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. இடைவேளையில் ஃபெர்குசன் ஜெர்சியையே மாற்றச் சொன்னார், அந்தச் சாம்பல் நிறத்தில் கூட ஆடுகிறவன் கண்ணுக்கே தெரியவில்லையாம். 3-1 என்று தோற்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பழமொழியைக் காலத்துக்கும் நிரூபிக்க வந்தது போல ஒரு சம்பவம். (அந்த வருஷம் லீக் பட்டத்தை அவர்கள்தான் ஜெயித்தார்கள் என்பது வேறு கதை.) சாம்பல் ஜெர்சியை வரைந்து விட்டுவிட்டால் அது செய்திப்படம். எதிரணிக்காரன் மட்டும் அந்தச் சாம்பல் ஆளைத் துல்லியமாகப் பார்த்து, கைகுலுக்கி, பந்தை வாங்கிக்கொண்டு போவதாக வரைந்தால் அது கார்ட்டூன்.

முழுசாக ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் 2008 லீக் கோப்பைக்குப் பிறகு ஒன்றுமே ஜெயிக்காமல் இருந்தது. மேனேஜர் போஸ்டகோக்லு, இரண்டாவது வருஷத்தில் நான் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று சொல்லிவைத்தார், எல்லோரும் சிரித்தார்கள். லீக்கில் 17ஆம் இடம், 22 தோல்வி. ஆனால் 2025 மே 21 அன்று பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்து யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிவிட்டார். பதினாறே நாளில் வேலை போனது.

இதில் முதலில் தோன்றுவது, ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் வேலைநீக்கக் கடிதம். அதைத் தூக்கிப் போடுங்கள். உங்களுக்கு முதலில் தோன்றியது அன்றைக்கு நூறு பேருக்குத் தோன்றியிருக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சியைத் தேடுங்கள். 17 வருஷம் காலியாகக் கிடந்த கோப்பை அலமாரியில் யார் குடியிருந்திருப்பார்கள்? சிலந்தி. முதல் கட்டத்தில், கோப்பை வந்துவிட்டதால் சிலந்தி பெட்டி படுக்கையோடு அலமாரியிலிருந்து இறங்குகிறது. இரண்டாவது கட்டத்தில் பஸ் ஸ்டாப், பக்கத்தில் பெட்டியோடு மேனேஜர். சிலந்தி கேட்கிறது: "உங்களையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

ஆட்டக்காரர்களை வரைவதென்றால் அவர்கள் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பிடியுங்கள். 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் சுவாரெஸ் இத்தாலி டிஃபென்டர் (தடுப்பாட்டக்காரர்) கியெல்லினியின் தோளைக் கடித்தபோது எல்லோரும் பல்லை வரைந்தார்கள். அந்தப் பல்லை விட்டுவிட்டு, முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கிற டிஃபென்டர்களை வரைந்திருக்கலாம், சுவாரெஸ் படத்திலேயே வரவேண்டியதில்லை.

வசனத்தில் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, நம் சொற்கள் நீளம். வசனம் எழுதுகிற பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைத் திணித்தால் கடைசி வார்த்தை நெளிந்து வெளியே தொங்கும். எழுதிவிட்டு அதைச் சுற்றி பலூன் போடுங்கள், எட்டு சொல்லுக்கு மேல் போனால் வெட்டுங்கள். யாரையும் பாடப்புத்தகத் தமிழ் பேசவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் யுனைடெட் மேனேஜராகச் சொந்த மைதானத்தில் டோட்டன்ஹாமிடம் 3-0 என்று தோற்றுவிட்டு, மூன்று விரலைக் காட்டி, அது நான் ஜெயித்த மூன்று லீக் பட்டம், எனக்கு மரியாதை வேண்டும் என்று பத்திரிகையாளர் கூட்டத்திலிருந்து எழுந்து போனார் மொரீனியோ. அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குக் கல்யாண வீட்டில் பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்காகப் பந்தியிலிருந்து எழுந்து போகிற பெரிய மாமாதான் ஞாபகம் வந்தார். அந்த மாமா எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசவையுங்கள், மொழிபெயர்ப்பு வாசனையே வராது.

தொடக்கூடாதவையும் உண்டு. யுனைடெட் அணி போன விமானம் விழுந்த 1958 மியூனிக் விபத்தில் 23 பேர், 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்துபோனார்கள். எதிரணியைச் சீண்ட இதை இழுக்கிற ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள், நீங்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். தோல் நிறம், உதடு என்று இனத்தைக் கிண்டல் செய்வது கார்ட்டூன் இல்லை, வெறும் வன்மம்.

கடைசியாக நேரம். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் படம் வெளியே போனால்தான் மவுசு. அதற்காக 85ஆம் நிமிஷத்திலேயே மை போட்டுவிடாதீர்கள். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 90 நிமிஷம் வரை பேயர்ன் மியூனிக் 1-0, அதற்கப்புறம் காயத்துக்காகக் கொடுத்த நேரத்தில் ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷயர் ஒன்று, கோப்பை யுனைடெட்டுக்கு. அன்றைக்குச் சீக்கிரம் பேனாவைத் திறந்தவன் கதி என்னவாகியிருக்கும்? விசில் அடிக்கும்வரை பென்சிலோடு நிறுத்துங்கள். என் மேஜை இழுப்பறையில் அப்படி வீணாய்ப்போன படங்கள் ஒரு கட்டு கிடக்கின்றன, முக்கால்வாசி என் கிளப் ஜெயித்துவிட்டது என்று நினைத்து வரைந்தவை.