நோயாளியின் அடையாளம் வெளிப்படாமல் நிபுணரிடம் மின்னஞ்சலில் கருத்துக் கேட்பது எப்படி?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகப் பணியேற்கும் இளம் மருத்துவர்களுக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரியில் தங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்களிடம் ஒரு நோயாளியைப் பற்றிக் கருத்துக் கேட்க மின்னஞ்சல் இன்றும் நல்ல வழிதான். வாட்ஸப்பில் அனுப்பினால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே கேள்வி துண்டு துண்டாகச் சிதறும், படம் சுருங்கித் தெளிவிழக்கும், சில மாதங்கள் கழித்துத் தேடினால் எது எந்த நோயாளிக்குச் சொன்ன பதில் என்றே விளங்காது. மின்னஞ்சலில் அனுப்புவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அதை இதுவரை செய்து பழகாதவர்களுக்காக இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

முதலில், இது காத்திருக்கக்கூடிய விஷயமா என்று பாருங்கள்

வயலில் பாம்பு கடித்து வந்தவரின் இரத்தம் 2 மி.லி. எடுத்து, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கையில் உறையாமல் ஓடுகிறது என்றால், அங்கே தேவைப்படுபவை விஷமுறிவு மருந்தும், தொலைபேசியும், 108 வண்டியும்தான். நெஞ்சுவலி, வலிப்பு, பிரசவ இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். நாளைக் காலை பதில் வந்தாலும் கெடுதல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நோயாளிக்கு மட்டுமே மின்னஞ்சல்.

நோயாளியிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்

2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், ஒரு மருத்துவர் தம் நோயாளிக்காக மற்றொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கின்றன. சிகிச்சையின் பொறுப்பு கேட்பவரிடமே இருக்கும் என்றும் சொல்கின்றன. ஆகவே அனுமதி பெறும் கடமையும் உங்களுடையதே. அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "ஒரு படம் எடுத்து ஹைகிரவுண்டு டாக்டர்ட்ட காமிச்சு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன், பேரு ஊரு ஒண்ணும் போட மாட்டேன், சரிதானம்மா?" என்று கேட்டு, அவர் சம்மதித்ததை நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். குழந்தையாக இருந்தால் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

அடையாளத்தை நீக்குதல்

பலரும் பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் அது போதவே போதாது. "பத்தமடையில் பாய் நெய்யும் 58 வயதுப் பெண், வலது கையில் ஒரு விரல் இல்லை" என்று எழுதினால், பெயர் இல்லாமலேயே அந்தத் தெருவில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் மடலைத் திறக்கும் பேராசிரியரோ, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவரோ அதே ஊர்க்காரராக இருப்பது திருநெல்வேலிச் சீமையில் அபூர்வமில்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது நீங்கினால் நோயைக் கண்டுபிடிப்பதில் ஏதாவது மாறுமா? பீடி சுற்றுபவரின் இருமலுக்குத் தொழில் முக்கியம், எனவே அது இருக்கட்டும். முக்கூடலா ஆலங்குளமா என்பது தேவையில்லை. எலிக்காய்ச்சலைச் சந்தேகித்தால் எந்த ஊர் வயல், யாருடைய வயல் என்பதை விட்டுவிட்டு, "கடந்த இரண்டு வாரங்களில் வயல் சேற்றில் நின்று நாற்று நட்டவர்" என்று எழுதினால் நிபுணருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

தேதிகளை நாள் கணக்காக மாற்றுங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் நாள், மருந்து தொடங்கியது ஐந்தாம் நாள் என்பது போல. அமெரிக்காவின் மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் விதி நீக்க வேண்டிய 18 வகை அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பட்டியல் சரிபார்க்க உதவும். 89 வயதுக்கு மேற்பட்டவர்களின் சரியான வயதையும் மறைக்க வேண்டும் என்று அது சொல்வது, தொண்ணூறைத் தாண்டியவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருக்கும் நமக்கு நன்றாகவே பொருந்துகிறது.

படங்கள்

தோல் நோய்க்கு இரண்டு படங்கள் எடுங்கள்: ஒன்று உடலின் எந்தப் பகுதி என்று தெரியும் அளவுக்குத் தள்ளி நின்று, மற்றொன்று நெருங்கி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. ஃபிளாஷைத் தவிர்த்து, சன்னலோர வெளிச்சத்தில் எடுத்தால் நிறம் மாறாது. இ.சி.ஜி. தாளை மேசையில் மடிப்பில்லாமல் விரித்து, கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். சாய்வாக எடுத்தால் கட்டங்கள் கோணலாகி, அளந்து பார்க்க முடியாமல் போகும்.

பிறகு படத்தை அடையாளத்துக்காகப் பாருங்கள். எக்ஸ்ரேயின் ஓரத்திலும் இ.சி.ஜி.யின் மேற்பகுதியிலும் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதே பாதுகாப்பு. கைபேசியின் வண்ணப் பேனாவால் கறுப்பாகத் தீற்றுவதை நம்ப வேண்டாம், ஏனென்றால் சில பேனாக்கள் அரைகுறையாக ஒளி ஊடுருவுபவை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள பெயர் தெரிந்துவிடும். கண்ணை மட்டும் பட்டையால் மறைத்தால் முகம் மறையாது. முன்கையில் பச்சை குத்திய பெயர், கழுத்துத் தாலி, பின்னால் சுவரில் தொங்கும் நிலையத்தின் பெயர்ப்பலகை இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கைபேசி தானாகவே படத்துக்குள் பதிந்துவைக்கும் இருப்பிடத் தகவல் கண்ணுக்குத் தெரியாது. கேமரா அமைப்புகளில் அதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். கடைசியாகக் கோப்பின் பெயர். உள்ளே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, கோப்புக்கு நோயாளியின் பெயரையே வைத்து அனுப்புவோர் இருக்கிறார்கள்.

எழுதும் முறை

மடலைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். எந்த மொழியானாலும் அமைப்பு ஒன்றே. தலைப்பு வரியில் "அவசரம் சார்" என்றோ "ஒரு சந்தேகம் மேடம்" என்றோ எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. கேள்வியே தலைப்பாகட்டும்: "டாக்ஸிசைக்ளினுக்குப் பின்னும் இறங்காத காய்ச்சல், வேறு எதை யோசிப்பது?" பூட்டிய கைபேசித் திரையிலும் தலைப்பு வரி தெரியும் என்பதால், அதில் நோயாளியைப் பற்றிய தனி விவரம் எதுவும் வேண்டாம்.

உள்ளே முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "42 வயதுப் பெண். எட்டு நாளாகக் காய்ச்சல். இடது அக்குளில் கருகிய பொருக்குடன் வலியில்லாத ஒரு புண். ஸ்க்ரப் டைஃபஸ் என்று கருதி டாக்ஸிசைக்ளின் தொடங்கி 72 மணி நேரமாகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சுத்திணறல் இல்லை, நினைவு தெளிவாக உள்ளது." சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், டாக்ஸிசைக்ளின் என்ற இந்த நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் தணியும் என்பதை அறிந்த நிபுணருக்கு உங்கள் கவலை உடனே புரியும். அடுத்து பரிசோதனை முடிவுகள், பிறகு உங்கள் சொந்த ஊகம், அதன் பிறகு உங்களிடம் என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்பது. இந்தக் கடைசி விவரத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் நிலையத்தில் செய்யவே முடியாத பரிசோதனைகளின் நீண்ட பட்டியல் பதிலாக வருகிறது.

அனுப்புதல்

பெறுநர் முகவரியைக் கடைசியில் இடுங்கள்; பாதி எழுதிய மடல் தவறிப் போகாது. ஜிமெயில் என்றால், அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தைக் கணினியில் அமைப்புகளுக்குள் சென்று 30 விநாடியாக வையுங்கள். இயல்பாக அது 5 விநாடிதான். இணைப்புகள் மொத்தம் 25 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். சிலருக்குச் சேர்த்து அனுப்பியிருந்தால், பதில் எழுதும்போது "அனைவருக்கும் பதில்" என்பதை அழுத்தும் முன், கீழே தொடரும் பழைய மடல்களில் மறைக்காத விவரம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்த பிறகு

நிபுணர் சொன்னதையும், அதில் நீங்கள் எதை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதையும் நோயாளிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நோயாளி எப்படி ஆனார் என்று நிபுணருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். அடுத்த முறை உங்கள் மடலை அவர் முதலில் திறப்பார். ஜிமெயிலில் "கருத்துக் கேட்டவை" என்று ஒரு லேபிள் வைத்து இவற்றைத் தனியே சேர்த்தால் தேடுவது எளிது.

கைபேசியில் எடுத்த படங்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் தானாகச் சேமிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அங்கும் ஒரு பிரதி இருக்கும். அப்படிச் சேமித்த படம், அழித்த பிறகும் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும் என்பதால் அதையும் திறந்து காலி செய்ய வேண்டும்.